தச்சர்

விண்ணப்பத்தில் ‘உறவு’ என்ற கட்டம்
ஒரு விரல் அகலம்.
அப்பாவின் அப்பாவின் அப்பாவின் அப்பா
அதற்குள் அடங்கவில்லை.
ஓட்டன் என்று எழுதினேன்.
நாற்பத்தொன்பது வயதுவரை
எனக்குத் தேவைப்படாத சொல்.

சுவடிக்கூடத்துப் பெண்
என் பேனையை வாங்கி வைத்துக்கொண்டு
பென்சில் தந்தாள்.
‘பழைய தாள், மையைக் கண்டால் பயப்படும்’
என்றாள் சிங்களத்தில்.
பிறகு மின்விசிறியையும் நிறுத்தினாள்.
நான்கு செவ்வாய்க்கிழமைகள்
வியர்த்து வியர்த்துத் தேடினேன்.

தேடச் சொன்னவள்
மெல்பேர்ணில் இருக்கும் மச்சாள் டிலுக்ஷி.
‘எச்சிலைத் துப்பி அனுப்பினேனடா,
ஆறு வீதம் இங்கிலாந்து என்று வந்திருக்கு.
யார் அந்த ஆறு வீதம்?’

அப்பாவின் பூனைக்கண் எனக்குத் தெரியும்.
கொட்டாஞ்சேனைப் பள்ளியில்
அதற்குக் கிடைத்த பட்டமும் தெரியும்.
மற்றபடி நாங்கள் தச்சர்.
பெயரைக் கேட்டவர்கள்
உளியையும் சீவுளியையும் நினைத்துக்கொண்டார்கள்.
அப்பப்பாவுக்குப் பெண் கேட்டுப் போன வீட்டில்
மரவேலைக்காரருக்குக் கொடுக்கமாட்டோம் என்றார்களாம்.
அவர் சுங்கத்தில் எழுதுவினைஞர்.
வாழ்நாளில் ஓர் ஆணி அடித்தவரில்லை.

இரண்டாயிரத்து ஏழில்
கிராண்ட்பாஸ் சோதனைச் சாவடியில்
என் அடையாள அட்டைக்கு டோர்ச் அடித்த பையன்
அந்தப் பெயரில் ஒரு தமிழனைத்தான் கண்டான்.
மூன்று மணித்தியாலம் குந்த வைத்தான்.
ஆறு வீதத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல
எனக்கு அப்போது தெரியாது.

நான்காம் செவ்வாய்.
விவாகப் பதிவேடு, 1873.
எலியாஸ் தாச்சர், வயது இருபத்துநான்கு,
ரயில்பாதை வேலை, தெமட்டகொடை.
பிறந்த இடம் மார்ஷ்கோம், டோர்செட்.

அடுத்த வருடம், மகனின் ஞானஸ்நானப் பதிவில்
யாரோ ஒரு கோயில் எழுத்தர்,
பசியோ தூக்கமோ,
தகரத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய
காலை விட்டுவிட்டார்.
அன்று போன கால்
இன்றுவரை திரும்பவில்லை.

மார்ஷ்கோம் தேவாலயத்துக்குக் கடிதம் போட்டேன்.
வினிஃப்ரெட் ஓக்டன் என்றொரு பெண்மணி
இரண்டு மாதம் கழித்துப் பதில் எழுதினார்.
தகப்பன் ஜோப், பிறர் வயலில் கூலி.
பதினொரு பிள்ளைகள், இரண்டு அறை.
அறுபத்தெட்டாம் ஆண்டுக் குளிரில்
பண்ணைக்காரரின் முயலைப் பிடித்ததற்காக
எலியாஸுக்கு ஆறு வாரம் மறியல்.
‘அதற்குப் பிறகு அவர் எங்கள் ஏடுகளில் இல்லை.
உங்களிடம் இருக்கிறார் என்று அறிய மகிழ்ச்சி.
தாச்சர் என்றால் வைக்கோலால் கூரை வேய்பவர்,
உங்களுக்குத் தெரிந்திருக்கும்.’

தெரிந்திருக்கவில்லை.
கூரையில் இருந்த எங்களை
ஒரு கால் குறைந்ததால்
கதவுக்கும் கதிரைக்கும் இறக்கிவிட்டார்கள்.

டிலுக்ஷிக்குத் தொலைபேசியில் வாசித்தேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
‘முயல் கள்ளனா?’ என்றாள்.
‘நான் ஏதோ துரை என்று நினைச்சன்.’

பதிவின் நகல் எடுக்க இன்னொரு தடவை போனேன்.
பக்கத்தின் அடியை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மணமகளின் இடத்தில்
ம. வியாகுலம்.
அச்சுப் போல எழுத்து,
கடைசி மகரத்தின் புள்ளியும் மறக்காமல்.
மணமகனின் இடத்தில்
ஒரு பெருக்கல் குறி.
பக்கத்தில் வேறு யாருடையதோ கை:
‘இது எலியாஸின் அடையாளம்.’

ஒரு கோடு தாளைக் கிழிக்கப் பார்த்திருக்கிறது.
மற்றது வழுக்கி
சாட்சிக்காரரின் பெயர்வரை ஓடியிருக்கிறது.
பக்கத்தில் நின்று அவள் பார்த்திருப்பாள்.
சிரித்தாளோ,
அன்றிரவே சிலேட்டை எடுத்தாளோ,
அதற்கு ஏடில்லை.
அவள் எந்த ஊர் என்று
இந்த ஏட்டில் ஒரு கட்டமும் இல்லை.

நகலுக்கு முந்நூறு ரூபாய்.
பற்றுச்சீட்டில் ஒப்பம் வைக்கச் சொல்லி
சுவடிக்கூடத்துப் பெண்
என் பேனையைத் திருப்பித் தந்தாள்.
தச்சர் என்று எழுதினேன்.
காலுக்கு இடம் இருந்தது.
போடவில்லை.